கணைய அழற்சியும் தழும்பும்: உடம்பின் புரதங்கள் செய்யும் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். படித்தது உயிர்வேதியியல், மருத்துவர் இல்லை. மதுரையிலோ திருச்சியிலோ பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அங்கே கேட்க விட்டுப்போனதை இங்கே ரிப்போர்ட் வாங்கும்போது கேட்பார்கள். சீட்டில் 'குரோனிக் பாங்கிரியாடைட்டிஸ்' (நாட்பட்ட கணைய அழற்சி) என்று இருக்கும், ஸ்கேனில் 'ஃபைப்ரோசிஸ்' (தழும்பு) என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ளே என்ன நடந்தது என்பதுதான் யாருக்கும் பிடிபடாத இடம். அந்தக் கேள்விகளையும் அவற்றை ஒட்டி வரும் சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம். அதை உங்கள் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

கணையம் எங்கே இருக்கிறது? அதற்கு என்ன வேலை?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, வயிற்றின் குறுக்கே கிடக்கிறது. சுமார் 15 செ.மீ. நீளம், 100 கிராமுக்குள் எடை. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. இன்சுலினைச் சுரப்பதும் இதுவே. முதுகை ஒட்டி இருப்பதால்தான் வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்கிறது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறைகிறது. 'கேஸ்தான்' என்று சோடாவும் ஓமவாட்டரும் குடித்தே வருஷங்களைத் தள்ளியவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அழற்சி எப்படித் தொடங்குகிறது?

கணையம் சுரக்கும் நீரில் புரதத்தையே உடைக்கும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது டிரிப்சின். இறைச்சியையும் பருப்பையும் உடைக்கிற டிரிப்சினுக்குக் கணையத்தின் சதையை உடைக்கத் தெரியாதா என்ன? அதனால்தான் கணையம் அதை வேலை செய்ய முடியாத நிலையில், டிரிப்சினோஜனாக, தயாரித்து அனுப்புகிறது. சிறுகுடலின் முதல் பகுதிக்குப் போன பிறகுதான், அங்குள்ள எண்டிரோபெப்டிடேஸ் என்ற நொதி அதன் ஒரு துண்டை வெட்டி, டிரிப்சினாக மாற்றிவிடுகிறது.

இந்த மாற்றம் குடலுக்குப் போகும் முன்பே, கணையத்தின் செல்லுக்குள்ளேயே நடந்துவிட்டால் வம்பு. செல்லுக்குள் தனியாக வேறொரு பையில் இருக்க வேண்டிய கத்தெப்சின்-பி என்ற நொதி டிரிப்சினோஜனோடு கலந்துவிட்டால் இப்படி ஆகும். கொஞ்சம் கசிந்தால் சமாளிப்பதற்கும் உடம்பில் ஏற்பாடு உண்டு. ஸ்பிங்க்-1 என்ற சின்னப் புரதம் டிரிப்சினைப் பிடித்து முடக்குகிறது. கைமோடிரிப்சின்-சி என்ற இன்னொன்று டிரிப்சினோஜனையே நறுக்கிப் போடுகிறது. பித்தக்கல் குழாயை அடைத்தாலோ, மது உள்ளே போய்க்கொண்டே இருந்தாலோ, பிறவியிலேயே இந்தக் காவல் புரதங்கள் பலவீனமாக இருந்தாலோ, கசிவு காவலை மீறிப் போகிறது. செல்கள் சாகின்றன, வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன, உறுப்பு வீங்குகிறது. இதுதான் அழற்சி.

அப்புறம் தழும்பு எங்கிருந்து வருகிறது? நொதி அரித்த இடம்தான் தழும்பா?

இல்லை. பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நொதி அரித்தது காயம். தழும்பு, அந்தக் காயத்தை ஆற்றுவதற்காக உடம்பே நெய்து வைக்கும் நார். அதை நெய்வதற்கென்று கணையத்தில் ஒரு செல் வகை இருக்கிறது. நட்சத்திர வடிவில் இருப்பதால் ஸ்டெல்லேட் செல் என்கிறார்கள். கணையத்தின் மொத்தச் செல்களில் நூற்றுக்கு நாலு முதல் ஏழு வரைதான் இவை.

சாதாரண நாளில் இவை பரம சாது. தங்களுக்குள் வைட்டமின்-ஏ அடங்கிய கொழுப்புத் துளிகளைச் சுமந்துகொண்டு, சுரப்பிச் செல்களைச் சுற்றி ஓரமாக இருக்கும். பழைய நாரைக் கொஞ்சம் கரைப்பது, புதியதைக் கொஞ்சம் போடுவது என்று பராமரிப்பு வேலை மட்டும். எலியின் கணையத்தில் இப்படி வைட்டமின்-ஏ வைத்திருக்கும் செல்கள் இருப்பதை 1982-லேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் அவற்றைத் தனியாகப் பிரித்து வளர்த்து, தழும்புக்குக் காரணம் இவைதான் என்று காட்டியது 1998-ல். ஆஸ்திரேலியாவில் ஒரு குழு, ஜெர்மனியில் ஒரு குழு, இரண்டும் அதே வருஷம். கணைய அழற்சியை மருத்துவம் நூற்றாண்டுக்கு மேலாக அறியும். தழும்பு போடுகிற செல்லைப் பிடித்தது இவ்வளவு சமீபத்தில்தான் என்பதை யோசித்தால், மருந்து ஏன் இன்னும் வரவில்லை என்பது பாதி புரிந்துவிடும்.

அழற்சியின் சமிக்ஞை கிடைத்ததும் இந்தச் செல் ஆளே மாறிவிடுகிறது. கொழுப்புத் துளிகளை இழக்கிறது. தசையில் இருக்க வேண்டிய ஒரு வகை ஆக்டின் புரதத்தைத் தனக்குள் உண்டாக்கிக்கொண்டு சுருங்கவும் நகரவும் ஆரம்பிக்கிறது. பல்கிப் பெருகுகிறது. கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் என்ற நார்ப் புரதங்களைக் கொட்டுகிறது. ஸ்கேனில் ஃபைப்ரோசிஸ் என்று எழுதுவது இந்த நாரின் குவியலைத்தான்.

அந்தச் சமிக்ஞையைக் கொடுப்பது எந்தப் புரதங்கள்?

நிறைய. எல்லாவற்றையும் அடுக்கினால் தலை சுற்றும். நாலைந்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது டி.ஜி.எஃப்-பீட்டா. நாரை நெய்யச் சொல்லும் தலைமை உத்தரவு இதுதான். வேடிக்கை என்னவென்றால், இது புதிதாகத் தயாராகி வர வேண்டியதில்லை. திசுவில் ஏற்கெனவே ஒரு உறைக்குள் கட்டுண்டு காத்திருக்கும். காயம் பட்டு அந்த உறை அவிழ்ந்ததும் வெளியே வந்து ஸ்டெல்லேட் செல்லின் கதவைத் தட்டும். செல்லுக்குள் ஸ்மாட் என்ற புரதங்கள் அந்தச் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோக, கொலாஜன் மரபணு வேலை செய்யத் தொடங்கும். இதில் சிக்கல் ஒன்று உண்டு: தூண்டப்பட்ட ஸ்டெல்லேட் செல் தானே டி.ஜி.எஃப்-பீட்டாவைச் சுரக்கும். வெளியிலிருந்து உத்தரவு வருவது நின்றாலும் தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொள்ளும்.

இரண்டாவது பி.டி.ஜி.எஃப். ரத்தத் தட்டணுக்களிலிருந்தும் வெள்ளணுக்களிலிருந்தும் வருவது. 'பெருகு, நகர்' என்பது இதன் செய்தி. டி.ஜி.எஃப்-பீட்டா நெய்யச் சொல்கிறது, பி.டி.ஜி.எஃப் நெய்கிற ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இண்டர்லூக்கின்-1, இண்டர்லூக்கின்-6, டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்கள் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. வெள்ளணுக்களில் மேக்ரோஃபேஜ் என்ற வகைக்கும் ஸ்டெல்லேட் செல்லுக்கும் நடுவே இண்டர்லூக்கின்-4, இண்டர்லூக்கின்-13 வழியாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது. அழற்சி ஆறுகிற கட்டத்தில் நடக்கும் இந்தப் பேச்சுதான் தழும்பை வளர்ப்பதில் பெரிய பங்கு வகிக்கிறது.

மூன்றாவது, நமது பழைய ஆள் டிரிப்சின். ஸ்டெல்லேட் செல்லின் மேல் பார்-2 என்றொரு ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம், இருக்கிறது. டிரிப்சின் அதன் நுனியை வெட்டினால் செல் விழித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் எலியின் செல்களில் இதைக் காட்டியிருக்கிறார்கள். காயத்தை உண்டாக்கிய அதே நொதி, 'காயம் பட்டிருக்கிறது, நாரைப் போடு' என்று போய்ச் சொல்லவும் செய்கிறது.

கடைசியாக, கரைக்கிற பக்கம். எம்.எம்.பி என்ற நொதிகள் பழைய நாரைக் கரைக்கும். டிம்ப் என்ற புரதங்கள் அந்த நொதிகளைத் தடுக்கும். ஸ்டெல்லேட் செல் இரண்டையுமே தயாரிக்கிறது. நாட்பட்ட அழற்சியில் தடுக்கும் பக்கம் கை ஓங்கிவிடுகிறது. போடுவது கூடி, கரைப்பது குறைந்தால் மிஞ்சுவது தழும்புதானே.

பழைய வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். பூசிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டால் நல்லது. தினம் ஒருவர் வந்து 'இங்கே விரிசல், அங்கே விரிசல்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பூச்சு ஏறி ஏறி ஜன்னலும் தூம்பும் அடைபட்டுப் போகும். கொத்தனார் மேல் குற்றம் சொல்ல முடியாது. விரிசலைச் சொல்பவரை நிறுத்த வேண்டும்.

ஒரே ஒரு தடவை வந்தது. தழும்பு விழுந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. எலிகளில் ஒரு தடவை மட்டும் அழற்சியை உண்டாக்கினால், கொஞ்சம் நார் சேர்கிறது, சில வாரங்களில் அதுவே கரைந்து கணையம் பழைய நிலைக்கு வருகிறது. மனிதர்களிலும் லேசான முதல் தாக்குதலுக்குப் பிறகு பலருக்கு உறுப்பு தேறிவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும்போதுதான் ஸ்டெல்லேட் செல்லுக்கு ஓய்வே கிடைக்காமல் போகிறது. ஆகவே முதல் தடவை ஏன் வந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பது முக்கியம். வலி நின்றதும் வீட்டுக்கு வந்துவிட்டு, பித்தப்பை ஸ்கேனையும் டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையையும் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று விடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

'புரதத்தால்தான் தழும்பு' என்றால், பருப்பு, முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். இது அடிக்கடி வரும் கேள்வி, ஆபத்தான கேள்வியும்கூட. மேலே சொன்ன புரதங்கள் உடம்பு தானே செய்துகொள்பவை. நீங்கள் சாப்பிடும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் உள்ளே போகிறது. முட்டை சாப்பிட்டால் டி.ஜி.எஃப்-பீட்டா அதிகரிக்காது, சாப்பிடாவிட்டால் குறையவும் குறையாது.

உண்மையில் நாட்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்குப் புரதம் அதிகமாகவே தேவை. செரிமானம் குறைந்து, தசை கரைந்து, ஆளே இளைத்துப் போவார்கள். உளுந்தும் பாசிப்பருப்பும் அரைத்துச் செய்யும் கும்மாயம் நம் பக்கத்து நல்ல பண்டம். சுகர் இருந்தால், அதில் சேரும் கருப்பட்டியில் கைவைக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். முட்டை, மீன், நாட்டுக்கோழி, தயிர், சுண்டல், எது ஒத்துக்கொள்கிறதோ அது. மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதைவிட ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்வார்கள்.

முன்பு லைப்பேஸ் ஆயிரத்தைத் தாண்டியது. இப்போது வலி இருந்தும் நார்மல் என்று வருகிறது. சரியாகிவிட்டதா?

ரிப்போர்ட்டை நீட்டும்போது நானே சொல்லத் தயங்கும் பதில் இது. அமிலேஸ், லைப்பேஸ் இரண்டும் கணையச் செல்கள் உடைந்து ரத்தத்தில் கசியும் நொதிகள். திடீர் தாக்குதலில் இயல்பு அளவின் மேல்வரம்பைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஏறும். ஆனால் வருஷக்கணக்கில் தழும்பு ஏறிய கணையத்தில் கசிவதற்கே செல்கள் குறைந்துபோயிருக்கும். அப்போது வலி துடிக்க வைக்கும், எண் மட்டும் நார்மலாக நிற்கும். சிலருக்கு இயல்பைவிடக் குறைவாகவே வரும். வீட்டில் இருப்பவர்கள் அந்த 'நார்மல்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, 'ஒண்ணும் இல்லைன்னு வந்திருச்சு, நடிக்கிறீக' என்று நோயாளியைக் கடிந்துகொள்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

சுரக்கும் திறன் எவ்வளவு மிச்சம் என்று தெரிய, மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்கிறோம். ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் குறைபாடு என்று எடுத்துக்கொள்ளலாம், 100-க்குக் கீழே என்றால் கடுமை. மாதிரி எடுக்கும்போது ஒரு விஷயம்: வயிற்றுப்போக்காகத் தண்ணீராகப் போகும் நாளில் கொண்டுவராதீர்கள். நீர்த்துப்போய், கணையம் நன்றாக இருந்தாலும் எண் குறைந்து காட்டும். கெட்டியாகப் போகும் நாளில் எடுங்கள். செரிமானத்துக்காக நொதி மாத்திரை சாப்பிடுபவர்கள் இதற்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. மனித எலாஸ்டேஸை மட்டும் பிடிக்கும் முறையில் பார்த்தால் மாத்திரை குறுக்கே வராது.

மலம் எண்ணெய்ப் பசையோடு, வெளிறி, நாற்றமடித்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டால், கொழுப்பு செரிக்கவில்லை என்று அர்த்தம். சுரக்கும் திறனில் சுமார் 90 சதவீதம் போன பிறகுதான் இந்த அறிகுறியே தலைகாட்டும்.

ரத்தம் எடுத்தபோது 'சீரம் வெள்ளையாக இருக்கிறது' என்றீர்களே, அது என்ன?

ரத்தத்தைச் சுழற்றி அணுக்களைக் கீழே இறக்கினால், மேலே நிற்கும் சீரம் தெளிந்த வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். சிலருடைய குழாயில் அது பால் நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாமல் நிற்கும். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகம் என்று கருவியில் போடும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவே கணைய அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும். போதாக்குறைக்கு, அந்த வெண்மை அமிலேஸ் அளவீட்டையும் கெடுத்து, குறைத்துக் காட்டும். கட்டுக்குள் இல்லாத சுகர், மது, பரம்பரை என்று இதற்குப் பல காரணங்கள். இது மருந்தால் இறக்கக்கூடியது. அதனால்தான் அன்று உங்களை உடனே டாக்டரிடம் அனுப்பினேன்.

மது எந்த வழியில் தழும்பை உண்டாக்குகிறது?

இரண்டு வழியில். சுரப்பிச் செல்லைக் காயப்படுத்தி மேலே சொன்ன சங்கிலியைத் தொடங்கி வைக்கிறது. அது போக, ஸ்டெல்லேட் செல்லுக்கே மதுவை உடைக்கும் நொதி இருக்கிறது. மதுவும், அது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடும் ஸ்டெல்லேட் செல்லை நேராகவே தூண்டிவிடும். அழற்சி வந்துதான் தழும்பு விழ வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

'பீர்தானே', 'வாரத்துக்கு ஒரு நாள்தானே' என்பவர்களுக்கு: தழும்பு தொடங்கிவிட்ட கணையத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. சிகரெட்டும் பீடியும் தனியாகவே காரணிகள். மதுவை விட்டவர் பீடியை விடாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும், ஏனென்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வீட்டில் கண்டிப்பதோடு நிற்காமல், அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடி நிறுத்த உதவி கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் மகன் குடித்ததே இல்லை. பதினாறு வயது. அவனுக்கு எப்படி?

தென்னிந்தியாவில் இது புதிதல்ல. இளம் வயதில் வலி, கணையக் குழாயில் பெரிய பெரிய சுண்ணாம்புக் கற்கள், பிறகு சுகர் என்று வரும் ஒரு வகைக்கு வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். 1959-ல் சூய்டமா என்ற மருத்துவர் இந்தோனேசியாவில் இதை விவரித்தார். கேரளத்தில் மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதி வைத்தார்: சின்ன வயதில் வலி, பருவ வயதில் சுகர், இளமையிலேயே மரணம் என்பதுதான் அன்றைய நிலை. இன்று அப்படி இல்லை. இன்சுலினும் நொதி மாத்திரையும் கல்லை உடைக்கும் சிகிச்சையும் இருக்கின்றன. சாதாரண எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்பின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கற்கள் தெரியும்.

மரவள்ளிக்கிழங்கு காரணம் என்று நெடுநாள் பேசினார்கள். அதைத் தொடாதவர்களுக்கும் நோய் வந்தது, நிரூபணம் ஆகவில்லை. 2000-க்குப் பிறகு கவனம் மரபணுவுக்குத் திரும்பியது. டிரிப்சினை முடக்கும் ஸ்பிங்க்-1 புரதத்தின் மரபணுவில் என்34எஸ் என்ற மாற்றம், நம் நாட்டு நோயாளிகளில் கணிசமானவர்களிடம் இருக்கிறது. சில ஆய்வுகளில் 40 சதவீதத்துக்கும் மேல். நோயில்லாதவர்களில் மிகச் சிலரிடமே இருக்கிறது. மேலைநாட்டுக் குடும்பங்களில் 1996-ல் கண்டுபிடித்த டிரிப்சினோஜன் மரபணு மாற்றம் நம்மிடம் அபூர்வம். சி.டி.ஆர்.சி, சி.எஃப்.டி.ஆர் என்ற வேறு மரபணுக்களுக்கும் பங்கு உண்டு.

உறவில் கல்யாணம் செய்ததால் வந்ததா? ஆத்தா வீட்டுப் பக்கமா, அப்பச்சி பக்கமா?

பழி போட ஆள் தேடும் கேள்வி இது, மன்னிக்கவும். என்34எஸ் மாற்றம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தாலே ஆபத்தைக் கூட்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் இன்னும் கூடும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் ஒரே மாற்றம் இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இந்த மாற்றத்தோடு பிறந்த பலருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் வருவதில்லை. இது ஆபத்தைக் கூட்டும் காரணி, அவ்வளவே. வீட்டில் இன்னொருவருக்கும் இதே வலி இருந்தால் மரபணு ஆலோசனை கேட்பதில் பொருள் இருக்கிறது.

தழும்பால் சுகர் வருமா? சாதாரண சுகர்தானே?

வரும், ஆனால் சாதாரணமானது இல்லை. நார் பெருகும்போது இன்சுலின் சுரக்கும் 'தீவுகள்' என்ற செல் கூட்டங்களும் அதில் சிக்கி அழிகின்றன. கூடவே, சர்க்கரை இறங்கும்போது தூக்கிவிடும் குளுககான் என்ற புரத ஹார்மோனும் குறைகிறது. ஆகவே இவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதைவிடச் சட்டென்று இறங்குவது பயப்பட வேண்டியது. இன்சுலின் போட்டுவிட்டு, 'வலிக்குது, சாப்பாடு வேண்டாம்' என்று படுத்துவிடக் கூடாது. 'டைப் 3சி' (மூன்றாம் வகை சி) என்று சீட்டில் எழுதியிருந்தால் இதுதான்.

இந்தப் புரதங்களைத் தடுக்க ஒரு மருந்து போட்டால் தீர்ந்ததே?

சொல்வது சுலபம். டி.ஜி.எஃப்-பீட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992-ல் அந்த மரபணுவை நீக்கி எலிகளைப் பிறக்க வைத்தார்கள். பிறந்து சில வாரங்களில் இதயம், நுரையீரல் என்று பல உறுப்புகளில் கட்டுக்கடங்காத அழற்சி வந்து செத்துப் போயின. தழும்பு போடச் சொல்லும் அதே புரதம்தான் அழற்சியை அடக்கியும் வைக்கிறது. முழுதாகத் தடுத்தால் ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வோம்.

டிரிப்சினைத் தடுக்கும் கேமோஸ்டாட் என்ற மாத்திரை ஜப்பானில் 1980-களிலிருந்து இந்த நோய்க்குப் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒழுங்காக ஒப்பிட்டுச் சோதித்தபோது அது வலியைக் குறைக்கவில்லை. எலிகளில் தழும்பைக் குறைத்த வேறு பல பொருள்கள் உண்டு: வைட்டமின்-ஏ வகை அமிலம், ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகள், நுரையீரல் தழும்புக்குத் தரும் பிர்ஃபெனிடோன். மனிதக் கணையத்தின் தழும்புக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் 'ஃபைப்ரோசிஸைக் கரைக்கும்' என்று யாராவது விற்றால், எந்த ஆய்வில் எத்தனை மனிதர்களிடம் என்று கேளுங்கள். வைட்டமின்-ஏ மாத்திரையை நீங்களாக விழுங்க வேண்டாம். அதிகமானால் ஈரலைக் கெடுக்கும்.

மஞ்சளும் மிளகும் கரைக்கும் என்கிறார்களே?

மஞ்சளில் உள்ள குர்க்குமின், ஆய்வகத் தட்டில் எலியின் ஸ்டெல்லேட் செல்களை அடக்கியது உண்மை. நம் நாட்டிலேயே வெப்பமண்டலக் கணைய அழற்சி நோயாளிகளுக்குக் குர்க்குமினும் மிளகின் பைப்பரினும் சேர்த்துக் கொடுத்து ஒரு சிறிய சோதனை நடத்தி, 2005-ல் வெளியிட்டார்கள். ஆக்சிஜனேற்றத்தால் செல்களுக்கு வரும் சேதத்தைக் காட்டும் ஒரு ரத்தக் குறியீடு குறைந்தது, வலி குறையவில்லை. ரசத்திலும் குழம்பிலும் வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சள் உருண்டைக்கு மாறுவதில் அர்த்தமில்லை.

வைட்டமின்-சி, ஈ, செலினியம் போன்றவை கலந்த மாத்திரைகளின் கதை வேறு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 127 பேரை வைத்து நடத்திய சோதனையில் வலி குறைந்தது. பிரிட்டனில் பின்னர் நடந்த சோதனையில் பலன் இல்லை. அங்கே குடியால் நோய் வந்தவர்கள் அதிகம், இங்கே அப்படி இல்லாதவர்கள் அதிகம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். உங்களுக்குப் பொருந்துமா என்பதை டாக்டர் சொல்வார்.

சிலருக்கு ஸ்டீராய்டில் சரியாகிவிட்டதாமே?

அது தனி வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவது. ரத்தத்தில் ஐ.ஜி.ஜி-4 என்ற எதிர்ப்புரதம் பலருக்குக் கூடியிருக்கும். வயதான ஆண்களுக்கு அதிகம் வரும். வலி குறைவு, மஞ்சள் காமாலை முன்னால் நிற்கும். ஸ்கேனில் கேன்சர் போலவே மிரட்டும். ஸ்டீராய்டுக்கு வேகமாகக் கட்டுப்படும். இதைக் கேள்விப்பட்டு மற்ற வகைக்காரர்கள் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டால் சுகர் ஏறுவதுதான் மிச்சம்.

தழும்பு கேன்சராக மாறுமா?

நாட்பட்ட அழற்சி கணையப் புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆனாலும் பெரும்பாலான நோயாளிகளுக்கு அது வருவதில்லை. புகை பிடித்தால் ஆபத்து மேலும் ஏறும். திடீரென எடை குறைவது, காமாலை, வலியின் தன்மையே மாறுவது, இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

தழும்பு வெறும் எதிரிதான் என்று நினைத்தவர்களுக்கு ஒரு அடி இங்கே விழுந்தது. கணையப் புற்றைச் சுற்றி இருக்கும் நாரைப் போடுவதிலும் ஸ்டெல்லேட் செல்களுக்குப் பங்கு உண்டு. நாரைக் கலைத்தால் மருந்து உள்ளே போகும் என்று ஒரு மருந்தைச் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்கள் நிலை மோசமாகவே, 2012-ல் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த நார் புற்றை ஓரளவு கட்டியும் வைத்திருந்திருக்கிறது.

செட்டிநாட்டுச் சாப்பாட்டின் காரமும் மசாலாவும் காரணமா?

காரம் கணைய அழற்சியை உண்டாக்குவதில்லை. வரமிளகாய், மிளகு, கல்பாசி, மராட்டி மொக்கு, ஒன்றின் மேலும் பழி இல்லை. வலி இருக்கும் நாளில் வயிறு தாங்காவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். எண்ணெயை அடியோடு நிறுத்துவதும் பழைய காலத்து அறிவுரை. நொதி மாத்திரை சரியாக எடுத்தால் அளவான கொழுப்பு செரிக்கும், எடையும் நிற்கும். கல்யாண விருந்தில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் வரிசையாக வரும்போது எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் முடிக்காமல் இருந்தால் போதும். கொழுப்போடு கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையும் என்பதால், வருஷத்துக்கு ஒரு முறையாவது டி அளவையும், டாக்டர் சொன்னால் எலும்பு அடர்த்தியையும் பாருங்கள்.

நொதி மாத்திரை பன்றியிலிருந்து எடுப்பதாமே? எப்படிச் சாப்பிடுவது?

ஆம், புழக்கத்தில் இருக்கும் பாங்கிரியாட்டின் பன்றிக் கணையத்திலிருந்துதான் வருகிறது. சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுவது என் வழக்கம். தெரிந்துகொண்டு முடிவெடுப்பது அவரவர் உரிமை. மருந்தாக ஏற்றுக்கொள்ளலாமா என்று தங்கள் பெரியவர்களிடமோ ஜமாஅத்திலோ கேட்டுவிட்டு எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதே பலன் தரும் வேறு மாற்று இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்போ பின்போ இல்லை, சாப்பாட்டோடு. முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லைப்பேஸ் அலகு வரை தொடங்குவார்கள், பலகாரத்துக்கு அதில் பாதி. இரண்டு மூன்று காப்ஸ்யூல் எழுதியிருந்தால் முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். சூடான காபியோடு விழுங்க வேண்டாம். உள்ளே இருப்பதும் புரதம், வெந்துவிடும். உள்ளே இருக்கும் மணிகளை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. வெயில் காலத்தில் மாத்திரை டப்பாவை ஜன்னல் ஓரத்திலோ வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள்.